முன்பாதம் இல்லாத வண்டு

எங்கள் ஆய்வகத்தில் பாலிஷ் சக்கரத்தின் மோட்டார் கருகிப்போன வாரத்தில்தான் அந்த வண்டு கிடைத்தது.

மும்பையில், செம்பூரில் ஒரு கல்லூரியின் பின்கட்டடத்தில் இருக்கும் சிறிய புதைபடிவ ஆய்வகம் அது. நான் அங்கே டெக்னிக்கல் அசிஸ்டென்ட். குஜராத்தின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து அம்பர் துண்டுகள் ஜிப் வைத்த பைகளில் வரும். ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன் மரங்களிலிருந்து வழிந்து, மண்ணுக்குள் கல்லாக இறுகிய பிசின். பெரும்பாலானவற்றில் காற்றுக்குமிழியும் தூசியும்தான் இருக்கும். சிலவற்றில் கொசு, எறும்பு. பையைத் திறக்க வேண்டும், எடை பார்க்க வேண்டும், எண் கொடுக்க வேண்டும், நான்கு பக்கமும் படம் எடுக்க வேண்டும், அதன் பிறகே மெருகிட வேண்டும். இப்படிப் பதினொரு படிகள். அவற்றை நானே அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருந்தேன். பட்டியல் இருந்தால்தான் எனக்குக் கை ஓடும்.

துண்டு மொச்சைக்கொட்டை அளவு. வெளியே முழுக்கப் பழுப்பு மேலோடு. முதுகுப் பக்கத்தில் மட்டும் சிறு உடைசல். அதன் வழியே பார்த்தபோது உளுந்து அளவில் ஒரு வண்டு தெரிந்தது. ஆய்வகத்தை நடத்தும் மேடத்தைக் கூப்பிட்டேன். அவர் மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்துவிட்டு, நின்றபடியே நாற்காலியைக் காலால் இழுத்து உட்கார்ந்தார்.

“சாணவண்டு,” என்றார். “நம்ம கலெக்‌ஷன்ல ஒண்ணுகூட இல்லை, தெரியுமோ? மோட்டார் வரட்டும். அதுவரைக்கும் இதை யாரும் தொட வேண்டாம்.”

மோட்டாருக்கான கோப்பு அலுவலகத்தில் ஒவ்வொரு மேசையாக நகர்ந்துகொண்டிருந்தது. மாதக் கடைசியில் எங்கள் திட்டத்தை நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் குழு வரவிருந்தது. வண்டின் முகம் அதற்குள் தெளிவாகத் தெரிந்துவிட்டால் எப்படியிருக்கும் என்று யோசித்தேன். மேடம் என்னை அப்படி யோசிக்கச் சொல்லவில்லை. என் வேலையும் அந்தத் திட்டத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு சனிக்கிழமை மாலை, துண்டை மாத்திரை டப்பாவில் பஞ்சு வைத்து மூடி, டிஃபன் பைக்குள் போட்டுக்கொண்டு தாராவி பஸ்ஸில் ஏறினேன். புறப்படும் முன் படம் எடுத்தேன். முதுகையும் ஒரு பக்கவாட்டையும் மட்டும். முன்பக்கம் மேலோடு மூடி மங்கலாக இருந்தது. எடுத்தாலும் ஒன்றும் தெரியாது என்று விட்டுவிட்டேன். பட்டியலில் ‘நான்கு பக்கமும் படம்’ என்பதற்கு எதிரே டிக் போட்டேன்.

தாராவியில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு சந்து தள்ளி மச்சானின் காரக்கானா, அதாவது பட்டறை, இருக்கிறது. ரெசினில் கோட்டுப் பட்டன் செய்கிறார்கள். பெரிய கம்பெனிகளுக்குக் காட்டுவதற்கு அட்டையில் தைத்து அனுப்பும் சாம்பிள் பட்டன்களை மட்டும் மெஷினில் போடுவதில்லை. அவற்றுக்கு மச்சானின் மனைவி, என் அக்கா, ராத்தாதான் கையால் மெருகு ஏற்றுவாள். அவள் கைபட்ட பட்டனில் ட்யூப் லைட் முழுசாகத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் டப்பாவை அவளிடம் கொடுத்தேன்.

“என்னளா இது, கொட்டப்பாக்கா?”

“அம்பர், ராத்தா. உள்ள ஒரு பூச்சி இருக்கு.”

“அம்பரா? அப்ப வாசம் அடிக்கணுமே.” மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். “ஒண்ணத்தையும் காணும். ஒன்னைய நல்லா ஏமாத்திப்புட்டானுவ.”

“அத்தர்ல போடுத அம்பர் இல்ல. இது மரப்பிசின். சூடு படக்கூடாது. மெஷின்ல போட்றாத.”

“பட்டன் தேய்க்கவளுக்கே பாடமா? தண்ணி உப்புத்தாள்ல தேச்சு, பெறவு துணியில போடுதேன். எந்தப் பக்கம் வேணும்?”

“மூஞ்சிப் பக்கம். தலை தெரியணும்.”

“எவ்வளவு தெரியணும்?”

“ஒன் சாம்பிள் பட்டன் மாதிரி.”

அப்படித்தான் சொன்னேன். எங்கே நிறுத்த வேண்டும், எதைத் தொடக் கூடாது, எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை லென்ஸில் பார்க்க வேண்டும் என்று எதுவும் சொல்லவில்லை. உட்கார்ந்து பார்த்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி, உள்ளறையில் மின்விசிறிக்குக் கீழே படுத்தேன், தூங்கிப்போனேன். எழுந்து வந்தபோது துண்டு ஈரத்துணியின் மேல் கருப்பட்டிப் பாகு நிறத்தில் மின்னிக்கொண்டிருந்தது. உள்ளே வண்டின் தலை, அதன் முன்விளிம்பில் நான்கு பற்கள், முன்னால் நீட்டிய இரண்டு கால்கள். ராத்தாவின் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தேன்.

திங்கட்கிழமை மேடத்திடம், பொறுக்க முடியாமல் கையாலேயே தேய்த்துவிட்டேன் என்றேன். அவர் முகம் சிவந்தது. ஏதோ சொல்ல வந்தவர், மைக்ராஸ்கோப்பில் குனிந்ததும் நிறுத்திக்கொண்டார்.

“கையாலயா? நீயா பண்ணினே?”

“நான்தான் மேடம்.”

“மெஷின்ல கூட இவ்வளவு நன்னா வராதே.” மைக்ராஸ்கோப்பின் திருகைத் திருப்பினார். “இங்க வா. முன்கால்ல பாதம் இல்லை, பாரு. ரெண்டு பக்கமும் இல்லை.”

சாணவண்டுகளில் சில வகைகளுக்குப் பிறப்பிலேயே முன்கால் பாதம் கிடையாது. பற்கள் வைத்த கீழ்க்கால் பகுதியோடு கால் முடிந்துவிடும். அதை வைத்தே மண்ணைத் தோண்டும். வேறு வகைகளுக்குப் பாதம் உண்டு. தோண்டித் தோண்டி வயதான காலத்தில் ஒடிந்து விழுவதும் உண்டு. இல்லாதது வேறு, இழந்தது வேறு. ஒரு வண்டு எந்தப் பேரினத்தைச் சேர்ந்தது என்பதே சில சமயம் இந்த வேறுபாட்டில்தான் நிற்கும். எனக்கு இது தெரியும். மேடத்துக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால்தான் அவர் அடுத்த கேள்வியைக் கேட்டார்.

“கால் நுனி பாலிஷ் பண்ணின பரப்புக்கு இவ்வளவு கிட்ட இருக்கே. தேய்க்கறச்சே போயிடுத்தா?”

“இல்ல மேடம். முன்னாடியே பார்த்தேன். அப்பவே இல்லை.”

யோசித்துச் சொல்லவில்லை. ‘போயிருக்கலாம்’ என்றால் அடுத்த கேள்வி எப்படித் தேய்த்தாய் என்று வரும். அதற்கடுத்தது எங்கே என்று வரும். தாராவி, பட்டன், பிரியாணி, தூக்கம் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டியிருக்கும். பொய் அதைவிடச் சின்னதாக இருந்தது. மேடம் தலையசைத்தார். அவர் என்னிடம் எதையும் இரண்டாம் தடவை கேட்டதில்லை. பட்டியல் போட்டு வேலை செய்கிறவள் என்று வெளியூரிலிருந்து வருபவர்களிடம் பெருமையாகச் சொல்வார்.

அடுத்த ஐந்து மாதம் அந்த வண்டை எழுதினோம். புதிய பேரினத்தை விவரிப்பது என்பது கதை எழுதுவது போல அல்ல. எனக்குப் பிடித்த மாதிரி, பட்டியல். தலையின் முன்விளிம்பில் நான்கு பற்கள். கண் முழுதாகப் பிரிக்கப்படவில்லை. சிறகுறையில் கோடுகள் ஆழமற்றவை. நடுக்கால்கள் ஒன்றுக்கொன்று விலகியவை. இப்படிப் பதினாறு அடையாளங்கள். தெரிந்த ஒவ்வொரு பேரினத்தோடும் ஒப்பிட்டு, எதிலெல்லாம் வேறுபடுகிறது என்று எழுத வேண்டும். மற்றப் பதினைந்தும் இங்கே ஒன்று அங்கே ஒன்று எனப் பிற பேரினங்களிலும் இருந்தன. வேறு எதற்குள்ளும் அடங்காமல் அந்த வண்டை நிறுத்தியது முதல் வரி: முன்கால் பாதங்கள் இல்லை. மேடம் வைத்த பெயரும் அதிலிருந்தே வந்தது. ‘முன்பாதம் இல்லாதது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல். வெள்ளைப் பலகையில் எழுதிவிட்டுத் திரும்பி, “எப்படி இருக்கு?” என்று கேட்டார். அழகாக இருக்கிறது என்றேன்.

அதற்கிடையே குழு வந்து பார்த்து, திட்டத்தை நீட்டித்துவிட்டுப் போனது. கட்டுரையும் ஏற்கப்பட்டது.

ஏற்றுக்கொண்டதாக மின்னஞ்சல் வந்த அன்று சாயங்காலம் ராத்தாவிடம் போனில் வண்டின் படத்தைக் காட்டினேன். அவள் பட்டன்களை அட்டையில் தைத்துக்கொண்டிருந்தாள். நூலைப் பல்லால் கடித்துவிட்டுப் போனை வாங்கினாள்.

“முடி எடுத்த எடம் தெரியவே இல்ல, பாத்தியா?”

“என்ன முடி?”

“மூஞ்சிக்கு முன்னால மீசை கணக்கா நீட்டிட்டு இருந்துச்சுலா. அத எடுக்கத்துக்குத்தான் எனக்கு நேரம் ஆச்சு.”

பட்டன் தொழிலில் முடி என்பது ரெசினுக்குள் தெரியும் மெல்லிய கோடு. தூசியோ நாரோ அச்சில் விழுந்தால் அப்படி வரும். முடி தெரியும் பட்டன் ரிஜெக்ட். சாம்பிள் பட்டனில் முடி மேலாக இருந்தால், அது மறையும் வரை தேய்க்க வேண்டும். அது ராத்தாவின் வேலை. சாம்பிள் பட்டன் மாதிரி என்று நான் கேட்டேன். அவள் அப்படியே செய்து கொடுத்திருந்தாள்.

“ரெண்டு பக்கமும் இருந்துச்சா ராத்தா?”

“ரெண்டு பக்கமுந்தான். ஒண்ணு நுனியில வளைஞ்சி கொக்கி மாதிரி இருந்துச்சு. ஏன், இன்னும் தெரியுதா? குடு, இன்னொரு இழுப்பு இழுத்துத் தாரேன்.”

“இல்ல. தெரியல. நல்லாத்தான் இருக்கு.”

சாணவண்டின் பாதம் நூல் போல மெலிந்தது. நுனியில் வளைந்த நகம் இருக்கும்.

அதற்குப் பிந்தைய நாட்களில் எனக்கு நானே சொல்லிக்கொண்டவை நிறைய. அம்பருக்குள் செடியின் மயிர்கள் சகஜம். பூஞ்சை இழையும் வளையும். ராத்தாவிடம் பூதக்கண்ணாடிகூடக் கிடையாது. எத்தனையோ மாதத்துக்கு முந்தைய விஷயத்தை யாருக்குச் சரியாக நினைவிருக்கும்? ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நியாயமானதுதான். ஆனால் மேடம் என்னைக் கேட்டது அது பாதமா மயிரா என்று அல்ல. தேய்க்கும்போது போயிற்றா என்று. முன்னாடியே பார்த்தேன் என்றேன். நான் பார்க்கவில்லை. அதற்குச் செடிமயிர் பதில் சொல்லாது.

அச்சுக்கு முந்தைய பிரதி வந்தது. பதிப்பகம் இருபது கேள்விகள் கேட்டிருந்தது: இந்தக் காற்புள்ளி வேண்டுமா, அந்த மேற்கோளுக்கு ஆண்டு எது, படத்தின் அளவுகோல் சரியா. எல்லாவற்றுக்கும் பதில் எழுதினேன். முதல் அடையாளத்தைப் பற்றி அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை.

“ஞாயித்துக்கிழமை ஆத்துக்கு வந்துடேன். உரக்கப் படிச்சு ஒரு தடவை சரிபார்த்துடலாம்,” என்றார் மேடம். ஒருவர் படிக்க, மற்றவர் மூலத்தோடு ஒப்பிட வேண்டும்; அவர் எல்லாக் கட்டுரைகளுக்கும் அப்படித்தான் செய்வார்.

தாராவியிலிருந்து மாட்டுங்காவுக்கு நடந்தே போனேன். மேடத்தின் வீட்டில் சாப்பாட்டு மேசையில் இரண்டு பிரதிகளும் தயாராக இருந்தன. அவர் பென்சிலை எடுத்துக்கொண்டார். நான் படித்தேன். தலைப்பு, எங்கள் பெயர்கள், சுருக்கம், முன்னுரை, சுரங்கத்தின் பாறை அடுக்குகள். பிறகு ‘மெருகிட்டது: இரண்டாம் ஆசிரியர்’ என்ற வரி. அது நான். அதையும் படித்துவிட்டேன். அடுத்து பேரினத்தின் பெயர், அதன் கீழே முதல் அடையாளம்.

அங்கே நிறுத்தினேன். மேடம், நான் பக்கத்தைத் தவறவிட்டுவிட்டேன் என்று நினைத்து, “அடுத்த வரிதான், முன்கால்,” என்றார்.

“மேடம், இது எனக்குத் தெரியாது. நான் முன்னாடி பார்க்கவே இல்லை.”

பிறகு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். வரிசையாகச் சொல்ல மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது. நான் முடித்ததும் அவர் பென்சிலை மேசையில் வைத்தார். அது உருண்டது, பிடித்து மறுபடி வைத்தார்.

“நான் கேட்டேனே உன்னை.”

“ஆமா மேடம்.”

“அன்னிக்கே போயிருக்கலாம்னு சொல்லியிருந்தா, பாதம் தெரியலைன்னு ஒரு வார்த்தை போட்டிருப்பேன். அவ்வளவுதான் விஷயம். இதுக்குப் பேரே வெச்சிருக்க மாட்டேன்.”

அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

“அக்காவுக்குப் போன் போடு. அவ என்ன பார்த்தான்னு நான் கேக்கணும்.”

ஸ்பீக்கரில் போட்டேன். பின்னால் பட்டறைச் சத்தம் கேட்டது. என் மேடம் பேசுகிறார் என்றதும் ராத்தாவின் குரல் மாறியது. கஸ்டமரிடம் பேசும் குரல்.

“வணக்கம் மேடம். சொல்லுங்க.”

“அந்த அம்பரை நீங்கதானே பாலிஷ் பண்ணினேள்?”

“அவ என்ன சொன்னா மேடம்?”

“தான் பண்ணினதா முதல்ல சொன்னா. இப்போ நீங்கன்னு சொல்றா.”

“ஆமா மேடம், ரெண்டு பேரும் சேந்துதான் பண்ணோம். அவ பக்கத்துலதான் இருந்தா. அவ சொல்லச் சொல்லத்தான் நான் தேச்சேன்.”

மேடம் என்னைப் பார்த்தார். ராத்தாவுக்கு நான் எதில் மாட்டிக்கொண்டேன் என்றே தெரியாது. மாட்டிக்கொண்டேன் என்று மட்டும் புரிந்திருக்கிறது. உடனே வந்து பக்கத்தில் நின்றுகொண்டாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அதுவே நின்றிருக்கும். இரண்டு பேர் சேர்ந்து கவனமாகச் செய்ததில் நடந்த தவறாக ஆகியிருக்கும்.

“இல்ல ராத்தா. நான் தூங்கிட்டு இருந்தேன். ஒன்கிட்ட ஒண்ணுமே சொல்லல. மேடத்துக்கு எல்லாம் தெரியும்.”

“அப்ப எதுக்குளா என்னைய பொய் சொல்ல விட்ட?” என்றாள். பிறகு மேடத்தை நினைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். “சாரி மேடம்.”

மேடம் பொறுமையாகக் கேட்டார். எத்தனை இழை, எங்கிருந்து புறப்பட்டது, எவ்வளவு நீளம், கணு கணுவாக இருந்ததா. ராத்தா யோசித்து யோசித்துப் பதில் சொன்னாள். இரண்டு. காலின் நுனியிலிருந்துதான் வந்ததா, அதன் மேல் ஒட்டியிருந்ததா என்று சொல்ல முடியாது. எள்ளில் பாதி நீளம். கணு பார்க்கவில்லை. வலதா இடதா தெரியாது, ஒன்று மட்டும் வளைந்திருந்தது.

“ரொம்பப் பெரிய தப்பா மேடம்?”

“உங்க தப்பு இல்லை.”

“எத்தன வருசத்துப் பூச்சி மேடம் அது?”

“அஞ்சு கோடி வருஷம்.”

“ஆத்தாடி,” என்றாள் ராத்தா மெதுவாக. “அத்தனை வருசம் மண்ணுக்குள்ள பத்திரமா இருந்திருக்கு. நான் ஒரு மத்தியானத்துல முடிச்சுட்டேன்.”

அந்தத் துண்டின் பதிவேட்டில் என்ன எழுதப் போகிறார் என்பதையும் மேடம் அவளிடமே சொன்னார்: ஆய்வகத்துக்கு வெளியே மெருகிடப்பட்டது, யார் செய்தார்கள் என்ற விவரத்தோடு. ராத்தா உடனே மறுத்தாள்.

“எம் பேர் வேண்டாம் மேடம். ரிஜெக்ட் மால்ல நாங்க மார்க்கா அடிக்கிறதே இல்ல.”

“எங்க தொழில்ல அதுலதான் கட்டாயம் அடிக்கணும்,” என்றார் மேடம். கடைசியில் ராத்தாவின் பெயர் இல்லாமல், ‘இரண்டாம் ஆசிரியரின் கோரிக்கையின்படி, மேற்பார்வையின்றி’ என்று எழுதுவதாக ஒப்புக்கொண்டார். மேற்பார்வையின்றி என்ற சொல்லை நான்தான் சேர்க்கச் சொன்னேன்.

கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை மேடம் வாசகம் வாசகமாகச் சொல்ல, நான் தட்டினேன். நான்கே வாக்கியங்கள். என்மீது குற்றம் சொல்லும் சொல் ஒன்றும் அதில் இல்லை. ‘நாங்கள்’ என்றுதான் எல்லாம். அனுப்பிய பிறகு அவர் இரண்டு பிரதிகளையும் ஒன்றாக அடுக்கிக் கிளிப் போட்டார்.

“நாளைக்கு வருவே இல்லையா?” என்று கேட்டார்.

“வருவேன் மேடம்.”

“சரி.”

திட்டினால் வாங்கிக்கொள்ள நான் தயாராகப் போயிருந்தேன். அவர் அதைச் செய்யவில்லை, இன்றுவரை. மெருகிடும் முன் எடுக்கும் படங்களை மட்டும் இப்போது அவரே திறந்து பார்க்கிறார். நான்கையும்.

ராத்தா இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. பூச்சியின் காலுக்காக அல்ல. உம்மா சொல்லித்தான் தெரிந்தது: “அந்தப் பாலிஷ நாந்தான் பண்ணேன்னு சொல்லிருக்கா பாரு, அதத்தான் என்னால தாங்க முடியல,” என்றாளாம். மேடம் அந்த மெருகைப் பாராட்டியதை நான் அவளிடம் அதுவரை சொல்லியிருக்கவே இல்லை. பிறகு சொன்னேன். அட்டையில் ஊசியைக் குத்திக்கொண்டே, “அப்படியா,” என்றாள்.

வண்டு பின்னர் ஒரு சிறு குறிப்பாக வெளிவந்தது. சாணவண்டுக் குடும்பம், பேரினம் தீர்மானிக்கப்படவில்லை, முன்பாதங்கள் மெருகிடும்போது அழிந்திருக்கலாம். மேடம் வைத்த கிரேக்கப் பெயர் எதற்கும் உதவாமல் போயிற்று. வெள்ளைப் பலகையில் வெகுநாள் இருந்தது. ஒருநாள் வேறு யாரோ கூட்டத்துக்காக அழித்தார்கள்.

இன்னொன்று கிடைத்தால் எல்லாம் தெளிவாகிவிடும். அதே சுரங்கத்திலிருந்து பைகள் இன்னும் வருகின்றன. ஒவ்வொன்றையும் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்க்கிறேன். இதைப் போன்ற வண்டு கிடைத்து அதற்கு முன்பாதம் இருந்தால், ராத்தா தேய்த்தது பாதத்தைத்தான் என்று ஆகும். அந்தப் பேரினம் ஒருபோதும் இருந்ததில்லை என்றும் ஆகும். பாதம் இல்லாமல் கிடைத்தால், மேடத்தின் பெயர் திரும்ப வரும், ராத்தா எடுத்தது வெறும் செடிமயிராகிவிடும். அவர்கள் இருவருக்காகவும் பாதம் இல்லாத வண்டே வர வேண்டும் என்று ஆசைப்படுவதாகச் சொல்லிக்கொள்கிறேன். அது முழு உண்மையல்ல. அப்படி ஒன்று வந்தால், அன்று மைக்ராஸ்கோப்புக்குப் பக்கத்தில் நின்று நான் சொன்ன ‘அப்பவே இல்லை’ என்பதும் சரியாகப் போய்விடும். பையைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் முதலில் மனசில் வருவது அதுதான்.